செவலையின் டிரைவர் சீட்

ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரின் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வெக்கை. அதற்குப் பின்னால் வாசம். அதற்கும் பின்னால்தான் கார் தெரிந்தது.

வெளியே மழை. மலை மழை கொட்டாது, ஊறும். தலைத்துண்டு, சட்டை, தீப்பெட்டி, எலும்பு எல்லாம் ஊறிப்போய் நின்றேன். உள்ளேயோ ஒரு பொட்டு ஈரமில்லை. அந்த ஜப்பான் கார் சிவப்பாக, சின்னதாக, குளிப்பாட்டித் துவட்டி உட்காரவைத்த பிள்ளை மாதிரி இருந்தது. பூஞ்சணம் இல்லை, துரு இல்லை. என் யோசனை அது. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

பக்கத்தில் போய்க் கதவுக் கண்ணாடி ஓரத்து ரப்பரில் விரலை வைத்தேன். பொரி மாதிரி நொறுங்கி உதிர்ந்தது.

பானட்டைத் தூக்கினேன். ரேடியேட்டர் ஹோஸை அமுக்கினால் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி வெடித்தது. சக்கரத்துக்குப் பின்னால் போகிற பிரேக் குழாய் கையோடு வந்துவிட்டது.

"குட்டப்பா, எத்தன நாளு தீ போட்ட?"

"நாப்பது திவசம் அண்ணே. ஒரு நாளு முடக்கல. நீங்க சொன்னதுக்கு மேலயே ரெண்டு வெறகு வச்சேன்" என்று சிரித்தான் ஸ்டோர்க்காரன். கூலி கூட்டித் தரப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டான் போல.

நான் ஸ்டோர் படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று காலையில்தான் முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். பதினைந்தாம் நாள் அவர் சம்சாரம் மதுரையில் வந்து இறங்குகிறார்கள். செவலை என்கிற இந்தக் கார் தயாராக இருக்க வேண்டும்.

எங்கிருந்து எங்கே

போன வாரம் சொன்ன கதையை, ஜீப்பு கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்ட இடத்தில் நிறுத்தினேன். அது அப்படியே கிடக்கட்டும், ஓடிப்போகாது. நேற்று மருமகள் பாயசத்துக்கு ஏலக்காய் தட்டினாள். அந்த வாசத்தில் இந்தக் கதை எழுந்து வந்துவிட்டது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். "மாமா, ஒரு கதையச் சொன்னா அதையே சொல்லுங்க" என்கிறாள். எனக்கு அது வராது.

போடியிலிருந்து மலையடிவாரத்து முந்தலுக்குப் போகிற ரோட்டில் என் ஷெட். நாலு கம்பு, மேலே தகரம். விடிகிற நேரத்தில் ஜீப்புகள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும். உள்ளே இத்தனை பேர், பின்னால் தொங்குவது இத்தனை பேர் என்று கணக்கே கிடையாது. தூக்குவாளிகள் வெளியே ஆடிக்கொண்டு போகும். சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் சனம் இருட்டிலேயே வந்து நிற்கும். சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கும். அதில் ஒன்றிரண்டு என் ஷெட்டில் வந்து படுக்கும். என் பிழைப்பு அதுதான். கொண்டை ஊசி வளைவு இருக்கிற வரைக்கும் வீரணன் வீட்டில் அடுப்பு எரியும் என்று என் பெண்டாட்டி முத்துப்பேச்சி சொல்லுவாள்.

ஜீப்பைத் தவிர வேறு எதையும் பிரித்துப் பார்த்தவன் இல்லை நான். அப்படிப்பட்டவன் முன்னால் ஒரு நாள் அந்தக் கார் வந்து நின்றது.

மலேயாவிலிருந்து வந்தது

எழுபதுகளின் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய முதலாளி இறந்து, பினாங்கில் இருந்த மூத்த மகன் ரெங்கராசு முதலாளி தோட்டத்தைப் பார்க்க வந்தார். ஆறடி ஆள். கொக்கு மாதிரிக் கால். அவருக்குப் பின்னாலேயே கப்பலில் கார் வந்தது.

இரண்டே சீட்டு. மேலே துணி ஹூட். முன்பக்கம் நீண்டு, பின்பக்கம் சப்பையாக, தரையோடு தரையாக இருக்கும். என் இடுப்பு உயரம் இருந்தால் அதிகம். எங்கள் பக்கத்தில் செந்நிறக் காளையைச் செவலை என்போம். பஸ் ஸ்டாண்டில் எவனோ ஒருத்தன், "ஏலேய், செவலை வருதுடா" என்றான். அன்றைக்கே பேர் ஒட்டிக்கொண்டது. முதலாளியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"வீரணா, இதுக்கு நீதாம்ப்பா வைத்தியம் பாக்கணும்."

"மொதலாளி, நான் ஜீப்புக்காரன். இது கண்ணாடிச் சாமான் மாதிரியில்ல இருக்கு."

"பழகிக்க. எனக்கும் சேத்துப் பழகு."

அவருக்குக் கார் ஓட்ட வராது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. கியர் மாற்றினால் கறகறவென்று சத்தம் வரும். அதைவிடக் கூத்து அவர் உட்கார்ந்திருந்த விதம். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் காது மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கும். டிரைவர் சீட் ஒரேயடியாக முன்னால் தள்ளிக் கிடந்தது. சின்ன வண்டியில் வெட்டுக்கிளி உட்கார்ந்த மாதிரி.

சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். நகர்த்துகிற கம்பி விரலில் தட்டுப்பட்டது. "மொதலாளி, ரெண்டு பல்லு பின்னால தள்ளிவிடட்டா? காலை நீட்டி உக்காரலாம்."

"தொடாத."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டேன்.

பிறகு ஏழெட்டு வருஷம் அந்தக் காரைப் பார்த்தேன். பிரிக்காத இடமில்லை. அந்தச் சீட்டை மட்டும் நகர்த்தியதில்லை. நான் ஓட்டிப் பார்க்கும்போதும் மடக்கிக்கொண்டுதான் ஓட்டினேன்.

இரண்டு மூச்சு

செவலைக்கு இரண்டு கார்பரேட்டர். ஜீப்புக்கு ஒன்றுதான். ஒன்று வைத்திருக்கிறவன் நிம்மதியாகத் தூங்குவான். இரண்டு வைத்திருந்தால் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூட இழுத்து இன்னொன்று குறைய இழுத்தால் வண்டி நொண்டும்.

அதை அளக்க ஊர்ப்பட்ட கருவி இருக்கிறதாம். நான் ஒரு முழ ரப்பர் ஹோஸ் வைத்திருந்தேன். ஒரு முனையைக் கார்பரேட்டர் வாயில் பிடித்து, மறு முனையைக் காதில் வைத்துக்கொள்வேன். உஸ்ஸென்று மூச்சுச் சத்தம் கேட்கும். அடுத்ததில் பிடிப்பேன். அதன் மூச்சு கொஞ்சம் கீச்சென்று இருக்கும். திருகாணியை நூல் அளவு திருகிவிட்டு மறுபடி கேட்பேன். இரண்டும் ஒரே குரலில் உஸ்ஸென்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

முதலில் அதைப் பழக எனக்கு நாலு மாசம் ஆனது. பழகின பிறகு, கார் முந்தலில் வரும்போதே ஷெட்டில் இருந்து சொல்லிவிடுவேன், எந்த மூச்சு இறங்கியிருக்கிறது என்று.

முத்துப்பேச்சிக்கு இது பிடிக்காது. "எம் பேச்சு ஒரு காதுல ஏறாது. அந்தச் செவலைக்குக் குழாய் வச்சுக் கேக்குறீக. பருத்திக்கொட்டை ஆட்டித் தரவா, அதுக்கு ஊட்டி விடுறீகளா?" என்பாள்.

சனிக்கிழமை தோறும் முதலாளி மலையிறங்கி வருவார். தபாலாபீசில் பினாங்குக்கு ஒரு கடிதம் போடுவார். பிறகு ஷெட்டுக்கு வந்து, "என்ன சொல்லுது?" என்று கேட்பார். "நல்லா மூச்சு விடுது மொதலாளி" என்பேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்காகவே அந்தக் காரை நான் அப்படி வைத்திருந்தேன் என்று கூடச் சொல்லலாம்.

அவர் சம்சாரம் சரோஜா அம்மா பினாங்கிலேயே இருந்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. அவர்களுடைய தாயார் படுத்த படுக்கை. "தாயார் கதை முடிஞ்சதும் வந்துருவா. வந்தா வண்டி வேணும்ல" என்பார் முதலாளி. தாயார் கதை முடியவில்லை. வருஷம்தான் முடிந்துகொண்டே போனது.

பூஞ்சணக் காலம்

தோட்டம் போடிமேட்டுக்கு அந்தப் பக்கம். ஆனியில் பிடிக்கிற மழை ஆவணி வரைக்கும் விடாது. வெல்லம் தண்ணீராகும். செருப்பில் காளான் முளைக்கும். செவலையின் சீட்டில் ஒவ்வொரு மழைக்கும் பச்சைப் பூஞ்சணம் படரும். முதலாளி துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒரு வருஷம் தரைத்தகட்டில் துரு விழுந்துவிட்டது. நான் தகடு வெட்டி ஒட்டினேன்.

கார் கீழே போடியிலேயே நிற்கட்டும் என்றால் கேட்க மாட்டார். ராத்திரி எழுந்து பார்த்தால் கண்ணில் பட வேண்டும் அவருக்கு.

அந்த அம்மா வந்த வருஷம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மலையில் ஒரு பொருளிலிருந்து ஈரத்தை எடுக்க வேண்டுமென்றால் எல்லாரும் என்ன செய்வார்கள்? ஸ்டோரில் வைப்பார்கள். பச்சை ஏலக்காயைத் தட்டு தட்டாக அடுக்கி, வெளி அடுப்பில் விறகு எரித்து, அந்தச் சூட்டைத் தகரக் குழாய் வழியாக அறையைச் சுற்றி ஓடவிட்டுக் காயவைக்கிற இடம் அது. காயின் பச்சை மாறாமல் ஈரத்தை மட்டும் எடுத்துவிடும். மழைக்காலத்தில் காய் எடுப்பு ஆரம்பிக்கிற வரைக்கும் அறை சும்மாதானே கிடக்கிறது.

கதவு நிலையைப் பெயர்த்து, நாலு பேர் தள்ளிக் காரை உள்ளே கொண்டுபோனோம். நான் ஒன்றும் கவனமில்லாமல் செய்யவில்லை. டேங்க்கில் இருந்த பெட்ரோலைக் கடைசிச் சொட்டு வரை வடித்தேன். பேட்டரியைக் கழற்றினேன். சக்கரத்துக்குச் செங்கல் வைத்தேன். "லேசா சூடு இருந்தாப் போதும்" என்று குட்டப்பனிடம் சொன்னேன். "பேடிக்க வேண்டா அண்ணே" என்றான். பயப்படாதே என்று அர்த்தம்.

ஏலக்காய்க்கு எது நல்லதோ அது எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைத்தோம் நாங்கள் இரண்டு பேரும். ரப்பர் என்று ஒரு சாமான் அந்தக் காரில் இருப்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

பதினைந்து நாள்

முதலாளியிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஹூட் துணியைத் தொட்டுப் பார்த்தார். அது சுருங்கி, கண்ணாடிச் சட்டத்துக்கு நாலு விரல் எட்டாமல் நின்றது.

"அவள விட்டுட்டு நான் வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே காட்டணும்னு நெனச்சேன் வீரணா. அதப் பாத்தான்னா இங்கேயே இருந்துருவான்னு ஒரு இது."

"காட்டுவோம் மொதலாளி."

"எப்படிப்பா?"

"அது எஞ் சோலி."

செவலையை ஜீப்பில் கயிறு கட்டி, மலையிறக்கத்தில் கையில் உயிரைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். ஜப்பான் ரப்பருக்கு நான் எங்கே போவேன்? மதுரையில் இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஹோஸ் கிடைத்தது. கதவு ஓரத்து ரப்பர் பீடிங், பஸ்சுக்குப் போடுவது, கிடைத்தது. அதைப் பிளேடால் பாதியாக அறுத்துப் போட்டேன். பிரேக்குக்குள் இருக்கிற ரப்பர் கப் வாஷர்தான் தொல்லை. மூணு சக்கர வண்டி வாஷர் ஒரு நூல் பெரிசு. எட்டையும் எமரித்தாளில் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன். விரல் நுனியில் ரேகை போய்விட்டது. ஹூட் துணிக்கு, லாரி படுதா தைக்கிறவரிடம் நாலு விரல் அகலத்துக்கு ஒரு ஒட்டுப் போட்டு வாங்கினேன்.

தரையைப் பார்க்க டிரைவர் சீட்டை, அது நகர்கிற தண்டவாளத்தோடு சேர்த்துக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றும் முன் எந்தப் பல்லில் நிற்கிறதோ அங்கே ஆணியால் ஒரு கோடு கிழித்துக்கொண்டேன். திரும்ப அதே கோட்டில் பூட்டினேன். ஏன் என்று தெரியாமலேதான் அத்தனை பத்திரமாகச் செய்தேன்.

எல்லாம் ஆன பிறகும் ஒன்று போகவில்லை. ஏலக்காய் வாசம். நாற்பது நாள் சூட்டில் சீட்டுப் பஞ்சுக்குள், கூரைத் துணிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சோப்புப் போட்டேன், வேப்பிலை போட்டேன். ம்ஹும்.

மதுரை ஸ்டேஷன்

போடிக்கே ரயில் உண்டு. ஆனாலும் மதுரைக்குப் போய்த்தான் அழைத்து வருவேன் என்றார் முதலாளி. ரெண்டு சீட்டு வண்டி. நான் ஏறினால் அந்த அம்மாவுக்கு இடமில்லை. பிரேக்கை நம்பித் தனியே விடவும் மனசில்லை. ஜீப்பில் ஸ்பானர் பெட்டியோடு பின்னாலேயே போனேன்.

ஸ்டேஷன் வாசலில் சரோஜா அம்மாவைப் பார்த்தேன். முதலாளிக்குத் தோளுக்கு எட்டாத உயரம். முன்னால் நாலைந்து முடி நரைத்திருந்தது. காரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். முதலாளி ஓடிப்போய் இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, கையை நீட்டினார்கள்.

"சாவி?"

முதலாளி கொடுத்தார். அவர்கள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். கால் மூன்று பெடலிலும் அளவெடுத்த மாதிரிப் போய் உட்கார்ந்தது. ஒரு இம்மி நகர வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பினாங்கில் கார் ஓட்டினது அந்த அம்மா. முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்.

அவர்களுக்கும் விளங்கிவிட்டது. "சீட்டைத் தள்ளவே இல்லையா நீங்க? இத்தன வருஷமும் இப்படியேவா ஓட்டினீங்க?"

"பழகிருச்சு" என்றார் முதலாளி.

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார்கள். பாதியில் சிரிப்பு எங்கோ போய்விட்டது. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மூக்கை உறிஞ்சினார்கள்.

"இது என்னா வாசம்? காடியில பாயசம் வச்சீங்களா?" அங்கே காருக்குக் காடி என்பார்களாம்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மலையேற்றம்

அன்றைக்குப் போடி பார்த்த கூத்தை இன்னொரு நாள் பார்க்கப்போவதில்லை. ஒரு பொம்பளை சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு வருகிறாள், பக்கத்தில் ஆறடி ஆம்பளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையில் ஊற்றிக்கொண்டார். "ஏ அப்பு, செவலைக்கு மூக்கணாங்கயிறு போட ஆளு வந்துருச்சுடோய்!" என்று ஒரு குரல். அந்த அம்மா ஹாரனை இரண்டு தடவை அடித்து அதற்குப் பதில் சொன்னார்கள்.

முந்தல் தாண்டினதும் பார்த்தேன் ஓட்டத்தை. ஏழெட்டு வருஷமாகக் கறகறவென்று அழுத கியர் பெட்டி வாய் திறக்கவில்லை. வளைவுக்கு முன்னாலேயே கியர் இறங்கும், வளைவுக்குள் எஞ்சின் பாடும், வெளியே வரும்போது மூக்கு லேசாகத் தூக்கும். நான் பழுது பார்த்த கார் என்னவென்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜீப்பை முக்கி முக்கி ஏற்றினேன். எனக்கு மேல் வளைவில் பின்விளக்கு சிவப்பாக ஒரு நொடி தெரியும், மறையும். அதற்கு மேல் வளைவில் தெரியும். மேட்டில் பனி வந்து மூடிய பிறகு சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு மூச்சும் ஒரே குரலில்.

அந்தச் சத்தத்தைத்தான் சொல்ல வந்தேன். வேறு எத்தனையோ சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா சொன்னது

இருபது நாள் இருந்தார்கள். படுக்கையில் கிடந்த தாயாரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, பள்ளிக்கூட லீவில் வந்தவர்கள். ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்கள்.

"பிரேக்கை ரெண்டு தடவ மிதிக்க வேண்டியிருக்குண்ணே. பாத்துக் கொடுங்க."

பிரேக் குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றிச் சரி செய்துகொண்டிருந்தேன். கவிழ்த்துப் போட்ட ஜீப்பு டயரில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"நீங்க கெட்டிக்கார மெக்கானிக். அதுதான் எனக்கு வினையாப் போச்சு."

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"ஒவ்வொரு கடுதாசியிலயும் நான் எழுதுவேன், வந்துருங்கன்னு. தோட்டத்தப் பாக்க அவரு தம்பி இருக்காரு. எங்கம்மாவ விட்டுட்டு நான் எங்க வர முடியும்? அவரு என்னா எழுதுவாரு தெரியுமா? காடி நல்லா இருக்கு, வீரணன் சரி பண்ணிட்டான், நீ வந்தா ஒடனே ஓட்டலாம். ஒவ்வொரு கடுதாசியிலயும் உங்க பேரு இருக்கும். இந்தக் காடி ஒரு வருஷம் ஓடாமக் கெடந்திருந்தா, அவரு கப்பலேறி வந்திருப்பாருண்ணே."

"நான் வேணும்னு செய்யலம்மா" என்றேன்.

"தெரியும்ணே. வேணும்னு செஞ்சிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது."

பிரேக்கைச் சரி செய்துதான் கொடுத்தேன். மலையில் ஓட்டுகிறவர்கள், அரைகுறையாக விட முடியுமா? இரண்டு நாள் கழித்து அவர்களே மதுரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது முதலாளி ஒற்றை ஆளாக, முழங்காலை மடக்கிக்கொண்டு வந்தார்.

கை வைக்க மாட்டேன்

ஐப்பசி மழையில் ஒரு நாள் முதலாளி வந்தார்.

"வீரணா, கிளச்சு எறங்குது. மூச்சும் சரியில்ல. பாத்துரு."

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னேன். "கை வைக்க மாட்டேன் மொதலாளி."

"என்னப்பா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. செவலைக்கு இனிமே கை வைக்கிறதா இல்ல."

"பைத்தியமா ஒனக்கு?"

அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன். டயரில் உட்கார்ந்தது, டீ குடித்தது, கடுதாசியில் என் பேர் இருந்தது, ஒன்று விடாமல்.

அவர் முகம் செத்துப்போயிற்று. "அதை ஒங்கிட்டயா சொன்னா?" என்றார். பிறகு கோபம் வந்தது. "புருசன் பொண்டாட்டி வெவகாரத்துல ஸ்பானர் புடிக்கிறவனுக்கு என்னடா சோலி? தேனியில வேற மெக்கானிக்கே இல்லையா?" கறகறவென்று கியரைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தேனிக்காரர் பார்த்தார். கிளச்சைச் சரி செய்துவிட்டார், நல்ல மனுசன். மூச்சு அவருக்குப் பிடிபடவில்லை. சனிக்கிழமை தோறும் செவலை என் ஷெட்டைத் தாண்டிப் போகும், நிற்காது. ஒரு மூச்சு முன்னால், ஒரு மூச்சு பின்னால். நொண்டி நொண்டிப் போகும். ஹோஸ் ஆணியில் தொங்கும். எழுந்து ஓடி மறித்து, இரண்டே இரண்டு திருகு திருகிவிடலாமா என்று கை துடிக்கும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"போய்ச் செஞ்சு குடுங்களேன். பாக்கச் சகிக்கல" என்றாள் முத்துப்பேச்சி. அவளே சொன்னாள்.

"மாட்டேன்" என்றேன்.

சீட்டு

மாசி பிறந்து ஒரு நாள் காலை. ஜீப்புகள் மலையேறிப் போய் ரோடு சும்மா கிடந்தது. செவலை வந்து ஷெட்டுக்கு முன்னால் நின்றது. முதலாளி ஒரு காலை முதலில் எடுத்து வெளியே வைத்து, பிறகு இன்னொன்றை எடுத்து வைத்து, எழுந்து நின்றார்.

"வீரணா, அந்தச் சீட்டைப் பின்னால தள்ளிவிடு."

கதவைத் திறந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டேன்.

"மெட்ராசு வரைக்கும் ஓட்டணும். காலை மடக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரம் போக முடியாதுல்ல" என்றார். அப்புறம் மெதுவாக, "அங்க ஒருத்தர் வண்டிய வாங்கிக்கிறேன்னு சொல்லிருக்காரு. தோட்டத்தத் தம்பிகிட்ட விட்டாச்சு. அடுத்த வாரம் கப்பலு."

கம்பியைத் தூக்கித் தள்ளினேன். அசையவில்லை. அத்தனை வருஷம் ஒரே பல்லில் நின்றதில் தண்டவாளம் இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டினேன். கிறீச்சென்று கத்திக்கொண்டு ஒரு பல் போனது. பிறகு ஒன்று. பிறகு கடைசி வரைக்கும் போய் முட்டியது. நான் ஆணியால் கிழித்த கோடு தனியாக வெளியே தெரிந்தது. சீட்டு மூடியிருந்த இடத்தில் தரைவிரிப்பு மட்டும் கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி நிறம் மங்காமல் இருந்தது.

அவர் ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டினார். முதல் தடவையாக அந்தக் காருக்கு அளவான மனுசராகத் தெரிந்தார்.

"மொதலாளி."

"என்ன?"

"எஞ்சினை ஓட விடுங்க. மூச்சைச் சரி பண்ணிருறேன்."

"இன்னைக்குக் கை வைப்பியா?"

"இன்னைக்கு வைப்பேன்."

ஆணியிலிருந்து ஹோஸை எடுத்தேன். பானட்டைத் தூக்கி, முதல் கார்பரேட்டர் வாயில் பிடித்து, காதில் வைத்தேன். பிறகு அடுத்தது. எமரித்தாளில் ரேகை போன விரல் திருகாணியைக் கண்டுபிடித்துக்கொண்டது. அவசரப்படவில்லை நான். அவரும் வெரசா என்று சொல்லவில்லை. எஞ்சின் சூட்டில் ஏலக்காய் வாசம் எழுந்து வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. இரண்டு மூச்சும் ஒரே குரலில் உஸ்ஸென்கிற வரைக்கும் குனிந்தே நின்றேன். சரியாகிவிட்ட பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

"போய்ட்டு வர்றேன்ப்பா" என்றார்.

"அந்தம்மாகிட்ட கேட்டதாச் சொல்லுங்க."

"மொதல்ல ஒம் பேரைத்தான் கேப்பா."

என் ஷெட்டிலிருந்து மேற்கே போனால் மலை. கிழக்கே போனால் தேனி, மதுரை, அதற்கு அப்பால் எல்லாம். செவலை கிழக்கே திரும்பியது. கியர் அன்றைக்கும் கறகறத்தது. ஆனால் மூச்சு சுத்தம். வளைவு தாண்டியும் கேட்டது, ரயில்வே கேட் தாண்டியும் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதா, கேட்கிற மாதிரி இருந்ததா, தெரியவில்லை.

ஹோஸின் ஒரு முனை இன்னும் காதில்தான் இருந்தது. மறு முனை தரையில் கிடந்தது. முத்துப்பேச்சி கஞ்சியோடு வந்து கையிலிருந்து பிடுங்குகிற வரைக்கும் அப்படியே நின்றிருக்கிறேன்.